வைண்டிங்காரர் பின்னிய கையுறை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், ஒரு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். குடும்பப் பெண் ஒருத்தி எதிர்க்கடை ஆம்பிளையைப் பற்றி உட்கார்ந்து எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்பது ஒரு காரணம். நான் படித்தது எட்டாவது வரைக்கும். தப்பும் தவறுமாக எழுதி அவர் பேரைக் கெடுத்துவிடுவேனோ என்கிற பயம் இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டு எழுந்தபோது என் வீட்டுக்காரரே, "இன்னும் எத்தனை வருஷம் அதை மனசுலயே வெச்சிருப்ப? எழுதித் தொலையேன்" என்றார். அவர் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அம்மா தாயே, கூட இருந்து எழுத வை.

அந்த எதிர்க்கடைக்காரர் பேரைச் சொல்லப்போவதில்லை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் அவர் வைண்டிங்காரர். எரிந்துபோன மோட்டார், டேபிள் ஃபேன், மிக்சி, எதைக் கொண்டுபோனாலும் உள்ளே இருக்கிற கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். தகரக் கூரை போட்ட கடை. வாசலில் ஒரு பலகை. அதில் கடையின் பேர் இல்லை. "சுற்றும்போது கூப்பிடாதீர்கள்" என்று மட்டும் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் கடைக்கு நேர் எதிர் வீட்டில் பின் போர்ஷனுக்குக் குடிவந்தோம். வந்த மூன்றாம் நாளே அந்தப் பலகையை மதிக்காமல் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஃபேன் அவரிடம் இருந்தது. அவர் ஒரு சின்னக் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் பாட்டுக்குப் போய், "அண்ணா, ஃபேன் சாயந்திரம் ஆயிடுமா?" என்று கேட்டேன். கை நின்றது. என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சிரித்தார். சுற்றியிருந்த கம்பி முழுவதையும் சரசரவென்று உருவித் தரையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஐயையோ, எதுக்குண்ணா எல்லாத்தையும்?"

"எண்ணிக்கை போச்சு தங்கச்சி. முன்னூத்தி எட்டா, முன்னூத்தி ஒம்போதா? தெரியல."

"ஒண்ணு முன்னப் பின்ன இருந்தா என்ன?"

"ஒண்ணும் ஆவாது. ஆனா ராத்திரி நீ அந்த ஃபேன் கீய தூங்கும்போது, நான் இங்க முழிச்சிகினு கெடப்பனே."

அவர் குணம் அவ்வளவுதான். எண்ணிக்கை தப்பினால் பிரித்துவிடுவார். அதிலே வருத்தப்பட மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். பிரிக்கும்போதுகூட மெல்லிசாக ஒரு ஜெபப் பாட்டு முணுமுணுப்பார்.

ஒரு சித்திரை மாதம் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அந்த அம்மாளுடையது பழைய ஊர்க் குடும்பம். ஒரு காலத்தில் ரயிலடி வரைக்கும் நெல் விளைத்தவர்கள் என்பார்கள். குடமும் கையுமாகச் சனம் காத்துக்கொண்டிருக்க, இவர் முடித்த சுருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாலு சுத்து கம்மியா கீது" என்று பிரிக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யோவ், தெருவே தண்ணி இல்லாம பேஜாராவுது! நாலு சுத்த யாருய்யா பாக்கப்போறா?"

"மோட்டார் பாக்கும்மா" என்றார் இவர்.

தெருமுனை டீக்கடைக்காரர் கிளாஸை வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போவார். "அந்தாளு கைல கெடச்சா ஆடிக் கூழக்கூட எண்ணித்தான் ஊத்துவாரு" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரே மகள், எஸ்தர். தாய் சின்ன வயதிலேயே தவறிவிட்டாள். நல்ல பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது வாசலில் நின்று, "அத்தை, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அவள் வலது கையில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு குட்டி விரல் உண்டு. எங்கள் பக்கத்தில் அதை அதிர்ஷ்டம் என்போம். குழந்தையாக இருந்தபோதே ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்களாம். எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் தாங்காத இந்த மனிதர் வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அது கர்த்தர் சுத்தினது தங்கச்சி. அவரு கணக்கு எனக்குத் தெரியாது" என்றார்.

எஸ்தர் நர்ஸ் படிப்பை முடித்தாள். வடக்கே மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முன்னாலேயே அங்கே போயிருந்த சிநேகிதி ஒருத்தி எழுதினாள்: குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும், கையுறை இல்லாமல் வராதே. எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருந்தது. தாம்பரத்தில் மார்கழியில் காலை நேரம் காதில் மப்ளர் கட்டுவதே பெரிய குளிர். ஆனால் வைண்டிங்காரர் சிரிக்கவில்லை. அந்தக் குட்டி விரலில் ரத்த ஓட்டம் குறைவு. நம் ஊர் ஐப்பசி மழைக்கே வெளுத்து, சில்லென்று மரத்துப்போகும். அவர் தினமும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிடுவார்.

ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கிறவர்களிடம் போய் நாலைந்து கையுறை போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஐந்து விரல்தான். ஆறாவது வெளியே நின்றது. திரும்பி வந்த அன்று அவர் முகம் அப்படியே இறங்கியிருந்தது. மறுபடி சிநேகிதிக்கு எழுதினாள் எஸ்தர். பதிலோடு ஒரு கட்டம் போட்ட தாள் வந்தது. மலைக்காரர்கள் போடுகிற கையுறை. கட்டைவிரலுக்கு ஓர் அறை, மற்ற விரல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பை. உள்ளே எத்தனை விரல் இருந்தால் என்ன! வெள்ளை நூல், சிவப்பு நூல் இரண்டையும் சேர்த்துப் பின்ன வேண்டும். வெளியே சிவப்புப் பூ தெரியும், பின்னாலே இரண்டாவது நூல் ஓடுவதால் இரட்டைக் கனம், இரட்டைச் சூடு.

அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். "உனக்குப் பின்னத் தெரியும்ல தங்கச்சி?"

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பின்னின குழந்தைக் குல்லாய் ஒன்று. அதுவும் ஒரே நிறம். இரண்டு நிறம் நான் தொட்டதே இல்லை. அதைச் சொன்னேன். தாளில் இருந்த இங்கிலீஷைப் படிக்க என்னாலும் முடியாது, அவராலும் முடியாது.

"எழுத்து எதுக்கு? இது கட்டம்தானே" என்றார். விரலை வைத்துக்கொண்டே போனார். "மூணு வெள்ள, ஒரு செவப்பு, அஞ்சு வெள்ள. அட, இது வைண்டிங் படம் மாரியே கீது! சுத்திச் சுத்திதானே போவணும்? அத முப்பது வருசமா செஞ்சுகினு கீறேன். நீ லூப்பு போடறத மட்டும் காட்டு."

நான் காட்டினது அவ்வளவுதான், ஊசியில் கண்ணி ஏற்றுவதும் இழுப்பதும். அதற்கு மேல் எனக்கும் அவருக்கும் எல்லாம் புதுசு. ஊசி வேண்டுமே? சைக்கிள் ஸ்போக் கம்பியை வெட்டி, முனையை அரத்தில் தேய்த்து, நாலு செய்துவிட்டார். கம்பளி நூலை அதே ஸ்வெட்டர்க் கடையில் வாங்கினோம். எஸ்தரின் வலது கையைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, அந்த அளவிலேயே இரண்டும் என்று முடிவு செய்தார்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெரு பார்த்த காட்சி வேறு எந்தத் தெருவும் பார்த்திருக்காது. வெளியே கொட்டுகிற மழை. கடைக்குள்ளே எரிந்த மோட்டார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுவிலே மீசை வைத்த மனிதர், கை எல்லாம் வார்னிஷ், மடியில் சிவப்பு உருண்டை, வெள்ளை உருண்டை. மோட்டார்க்காரர்கள் பலகைக்குக் கட்டுப்பட்டு வாசலில் குடையோடு வாய் திறக்காமல் நிற்பார்கள்.

டீக்கடைக்காரர்தான் ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டார். "இன்னா வைண்டிங்காரரே, மோட்டாருக்கு ஸ்வெட்டரா?"

உதடு நின்றது. கை நின்றது. "நாப்பத்தாறா, நாப்பத்தேழா?" என்றார் இவர் பரிதாபமாக. அந்த வரிசை போனது.

முதல் கையுறை முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு, கடையில் அச்சடித்த மாதிரி. எஸ்தர் கையை விட்டாள். நாலு விரல் நுனி போனது, அதற்கு மேல் போகவில்லை. அவர் இழுத்தார், நான் இழுத்தேன், அவள் "அப்பா, கை வலிக்குது!" என்று கத்தினாள். கையுறையைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தோம். பின்னால் ஓடுகிற நூல் எல்லாம் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. முப்பது வருஷம் செம்புக் கம்பியைத் தொய்வு இல்லாமல் இழுத்த கை, கம்பளியையும் அப்படியே இழுத்திருந்தது.

"கம்பின்னா டைட்டாதான் இருக்கணும்" என்றார் மெதுவாக.

"நூல் கம்பி இல்லைண்ணா. கொஞ்சம் மூச்சு விட விடணும்."

"மூச்சா?"

"பூவுக்குப் பூ போகும்போது விரலை விரிச்சுப் பார்த்துக்கோங்க. பின்னாலே நூல் சும்மா படுத்துக்கணும்." அதை நான் கற்றுக்கொண்டதே அந்த நிமிஷம், அந்த விறைத்த நூலைப் பார்த்து.

பிரித்தார். ஜெபப் பாட்டோடு. அடுத்தது தொளதொளவென்று வந்தது. எஸ்தரின் விரல் உள்ளே நூலில் சிக்கிக்கொண்டது. பிரித்தார். மூன்றாவது தடவை ஒரு பூவின் ஒற்றை இதழில் ஒரு சிவப்புக் கண்ணி இடம் மாறிவிட்டது. எனக்குக் கண்ணில் படவே இல்லை. எஸ்தர், "அப்பா, மலையில யாருப்பா பூவ எண்ணப்போறாங்க?" என்று கெஞ்சினாள். அதையும் பிரித்தார். அவள் என் வீட்டுக்கு ஓடி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், பாதி சிரிப்பு, பாதி அழுகை. "அத்தை, நான் வேலைய விட்டு ரிட்டயர் ஆகும்போதுதான் இது வரும்."

சனிக்கிழமை டில்லி ரயில். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு கையும் முடிந்தன. எட்டு இதழ் சிவப்புப் பூ, இரண்டிலும் ஒரே மாதிரி, ஒரு கண்ணி பிசகில்லை. ஆனால் வெள்ளை வெள்ளையாக இல்லை. வார்னிஷும் கிரீஸுமாகச் சாம்பல் பூத்திருந்தது. "துவைச்சுத் தரேண்ணா" என்று நான்தான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பார் சோப்பைத் தேய்த்துத் துவைத்தேன். சிவப்பு ஓடி வெள்ளையில் இறங்கிவிடுமோ என்று பயந்து, அதிகம் அலசாமல் பிழிந்து, துண்டில் சுற்றி ஒற்றி, உதறிக் காயப்போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஆயிற்றே. புதுசு எதையும் மஞ்சள் வைக்காமல் உடுத்த விடமாட்டேன். அந்தப் பெண் தாயில்லாப் பெண், தூரதேசம் போகிறாள். அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் இரண்டையும் வைத்துக் கும்பிட்டு, மஞ்சளைக் குழைத்து, மேலே இருந்த கையுறையின் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

என் விரலுக்கு அடியிலேயே அது சிவந்தது.

வாடகைச் சீட்டைத் தர வந்த வீட்டுக்கார அம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பார்த்தார். "தாயே! மகமாயி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வேலையை மறந்து தெருவுக்கு ஓடினார்.

எனக்கு அப்போது பக்தி வரவில்லை. சோப்பு, சரியாக அலசாத சோப்பு! மஞ்சளும் சோப்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எந்த வீட்டு வாளியிலும் பார்க்கிறதுதானே? ஈரக் கம்பளிக்குள் சோப்பு ஒளிந்திருந்ததை நான் நினைக்கவில்லை. கழுவினேன். கல் மாதிரி அங்கேயே நின்றது. சிவப்புப் பூவுக்கெல்லாம் கீழே, வெள்ளை ஓரத்தில், கட்டத்தில் இல்லாத ஒரு சிவப்புப் பொட்டு.

பின்னத் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். இந்தக் கையுறையை ஆரம்பிக்கிற இடம் மணிக்கட்டு, முடிக்கிற இடம் விரல் நுனி. பிரிப்பதென்றால் முடித்த இடத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். மணிக்கட்டுக்குப் போய்ச் சேர, மொத்தக் கையுறையும் போக வேண்டும். மறுநாள் ரயில். ஒற்றைக் கண்ணிக்குப் பிரித்த மனிதர் இதைப் பார்த்தால்?

மறைக்க நினைத்தேன். சாமி முன்னாலேயே சொல்கிறேன், நினைத்தேன். ஓரத்தை உள்பக்கமாக மடித்து முறத்துக்கு அடியில் வைத்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார், பின்னால் எஸ்தர்.

"காஞ்சிச்சா தங்கச்சி?"

"இன்னும் இல்லைண்ணா."

"குடு. பல்பு பொட்டில வெக்கிறேன்." சுருளுக்கு வார்னிஷ் காய வைக்க, உள்ளே பல்பு எரிகிற மரப்பெட்டி ஒன்று கடையில் வைத்திருந்தார். "ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடும்."

கை நீட்டிக்கொண்டு நின்றார். என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். "அண்ணா, தப்புப் பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, மஞ்சள், மறைத்தது வரைக்கும்.

அவர் பொட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. கீழிருந்து வரிசை எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு கையுறையைத் திருப்பி விரல் நுனியைப் பார்த்தார், முடிச்சுப் போட்ட இடத்தை. அவர் பெருவிரல் அங்கே போய் நின்றது.

"அப்பா, வேணாம்பா" என்றாள் எஸ்தர். "நீ பிரிச்சா நான் வெறுங்கையோடதான் போவணும்."

அவர் என்னைப் பார்த்தார். "இந்த மஞ்சள் எதுக்கு வெக்கிறது?"

"புதுசு போட்டுக்கிறவங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வைக்கிறதுண்ணா."

"எங்க எஸ்தருக்குன்னு வேண்டிக்கினியா?"

"ஆமாண்ணா."

அவர் தட்டில் இருந்த இன்னொரு கையுறையை எடுத்து நீட்டினார்.

"ஒரு கைக்குத்தான் வேண்டிக்குவியா? இது இன்னா பாவம் பண்ணுச்சு?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. எஸ்தர்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை மஞ்சளில் தோய்த்தார். "கீயேருந்து மூணாவது வரிச. கட்டவிரல் பக்கத்துலேருந்து ஏழாவது லூப்பு. சோப்பு இருக்குதா இதுல?"

"அலசலையே, இருக்கும்."

வைத்தார். மஞ்சளாகத் தொட்டது, நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பவும் எண்ணினார். "ம்" என்றார். பல்பு பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்.

சாயந்திரத்துக்குள் எங்கள் வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். அம்மன் கையுறையில் குங்குமம் வைத்தாளாம், தரிசனம் வேண்டுமாம். வீட்டுக்கார அம்மாள் கற்பூரமே கொண்டுவந்துவிட்டார். நான் சோப்பு என்றேன், கேட்பார் இல்லை. "அடக்கத்துக்குச் சொல்றா" என்றார்கள். எஸ்தர் வார்னிஷ் வாசனை அடிக்கிற கையுறையோடு ரயிலேறினாள். கார்த்திகை மாதத்துச் சென்னையில், ஜன்னல் வழியாக அதைப் போட்டுக்கொண்டே கையாட்டினாள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: விரல் மரக்கவில்லை, வெயில் பட்டுப் பட்டு இரண்டு பொட்டும் ஒன்றாகவே வெளுத்துக்கொண்டு வருகின்றன, இது எந்த ஊர் டிசைன் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

இப்போது அந்தத் தெருவில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. ஆனால் கதை மட்டும் குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி வரைக்கும் போயிருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் யாரோ எனக்கே சொன்னார்கள், கையுறையில் அம்மன் முகமே தெரிந்ததாம். அதற்காகத்தான் எழுதினேன். அன்று அம்மன் என் வீட்டுக்கு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கைக்குத்தான் வேண்டிக்குவியா என்று அந்தக் கிறிஸ்தவ மனிதர் கேட்டாரே, அந்த நிமிஷம் வந்தாள் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். முதல் பொட்டு நான் சரியாக அலசாததால் சிவந்தது. இரண்டாவது பொட்டை அவர் எண்ணிப் பார்த்து, தன் கையால் வைத்தார். இதில் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.